யோகாவை நிறுத்த ஒரு பொத்தான்

பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டு ஹாலிலிருந்து இணையத்தில் யோகா வகுப்பு நடத்துகிறேன். சேர்ந்தவர்களின் கார்டிலிருந்து மாதாமாதம் கட்டணம் தானாகவே போய்விடும். சேருவது ஒரு நிமிட வேலை. விலக வேண்டுமென்றால் மட்டும் எனக்குப் போன் பண்ண வேண்டும். அந்த விதியை வைத்தவள் சாட்சாத் நானேதான். அதற்கு அக்கறை என்று பெயர் வேறு வைத்திருந்தேன். முட்டி வலியா, நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். நேரமில்லையா, காலை வகுப்புக்கு மாறிக்கொள்ளுங்கள். இப்படிப் பேசிப் பேசியே முடிந்தவரை ஒருவரையும் விடாமல் பிடித்து வைத்திருந்தேன்.

நம் ஆட்களுக்கோ முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல வராது. சுங்கை பூலோவில் இருக்கும் ஆன்டி ஒருவர், மகளோடு ஆஸ்திரேலியாவுக்கே குடிபோவதாகச் சொல்லி விலகினார். மறு வாரம் பாசாரில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஃபிளைட் தள்ளிப் போச்சும்மா" என்றார். நானும் சிரிக்காமல் தலையாட்டி வைத்தேன். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

கிள்ளானில் என் பள்ளித் தோழி இருக்கிறாள். அவளையும் நான்தான் இழுத்துச் சேர்த்தேன். இரண்டு வாரம் வந்தாள், பிறகு வகுப்பில் ஆளைக் காணோம். போனையும் எடுப்பதில்லை. "பிஸிடி, அப்புறம் கூப்புடுறேன்" என்று வாட்ஸ்அப்பில் வரும், கூப்பிடவே மாட்டாள். என்ன கோபம், யார் என்ன மூட்டிவிட்டார்கள் என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். அவள் பேசாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

தீபாவளிக்கு முன் கிள்ளானில் ஒரு துணிக்கடையில் அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். கைக்குக் கிடைத்த சுடிதாரை எடுத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அறைக்கு எதிரிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கடைப்பெண் இரண்டு முறை கதவைத் தட்டி, "அக்கா, சைஸ் ஓகேவா?" என்று கேட்டுவிட்டாள். அது சிறுபிள்ளைகள் போடுகிற அளவு.

கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தாள்.

"ஏன்டி ஒளியுற? நான் என்னா செஞ்சேன் உனக்கு?"

"ஒன்னும் செய்யல. உன் யோகா எனக்குப் புடிக்கலடி. நிறுத்தணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"அதுக்கு எட்டு மாசமா?"

"போன் எடுத்தா நீ விடமாட்ட லா."

மறுநாளே, என் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் பெட்டாலிங் ஜெயாக்காரரைக் கூப்பிட்டு, உறுப்பினர்கள் அவர்களாகவே ரத்து செய்துகொள்ள ஒரு பொத்தான் வைக்கச் சொன்னேன்.

"ஆரம்பத்துலயே சொன்னேன் சிஸ்டர். நீங்கதான் வேணாம்னீங்க" என்றார். பிறகு, "ஏன் விலகுறீங்கன்னு கேட்டு ஒரு பெட்டி வைக்கவா?" என்றார்.

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு வேண்டாம் என்றேன்.

பொத்தான் வந்த அன்றைக்கே வரிசையாகக் கழன்றுகொண்டார்கள். வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். முதல் ஆள் அவள்தான்.

அன்று சாயங்காலமே கோமுட்டர் ரயிலேறி வந்து வீட்டு வாசலில் நின்றாள். சமையலறையில் உட்கார்ந்து, எட்டு மாதக் கதையையும் ஒரே மூச்சில் கொட்டினாள். மகள் வேலை மாறியது, சம்பந்தி சண்டை, புதுக் கார் என்று வயிறு வலிக்கச் சிரித்தோம். நடுவில், தேநீரை ஆற்றியபடி சொன்னாள்.

"மார்ச்சுல நெஞ்சுல ஒரு கட்டி இருந்துச்சுடி. ஆஸ்பத்திரில டெஸ்ட் எடுத்தாங்க. கடைசில ஒன்னும் இல்லன்னுட்டாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் தனியாத்தான் உக்காந்திருந்தேன். உனக்குத்தான் போன் போட எடுத்தேன்."

"எடுத்து?"

"யோகாவுக்கு ஏன் வரலன்னு கேப்பியேன்னு வச்சிட்டேன்."

அவளை ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டேன். அவள் தோளில் முகத்தை வைத்து நான்தான் அழுதேன்.