எழுத்தில்லாத கல்லறை

எங்கள் குடும்பத்தில் ஒரு வெள்ளைக்காரி இருந்தாள் என்று தலை நரைக்கத் தொடங்கும்வரை நம்பியிருந்தேன். தகப்பனை ஐயா என்றுதான் கூப்பிடுவேன். ஐயாவின் பாட்டிக்கு அமெரிக்கப் பெயர், குடும்பப் பெயரோடு முழுசாக. அந்தப் பெயருடைய அமெரிக்கப் பெண்ணொருத்தி மிஷன் வேலைக்குக் கப்பலேறி வந்து, உடுப்பிட்டியில் ஓர் உபதேசியாரைக் கட்டி, ஒரு பெண்பிள்ளையைப் பெற்றுவிட்டுக் காய்ச்சலில் போய்விட்டாளாம். தாயின் பெயரையே மகளுக்கும் வைத்தார்களாம். ஐயா சொன்ன கதை இது. கதையோடு நிற்காமல் கல்லறையையும் காட்டினார். தேவாலய வளவின் மூலையில், எழுத்தொன்றும் இல்லாத பழைய சுண்ணாம்புக் கல்லறை. உயிர்த்த ஞாயிறுதோறும் இருவரும் போய்ப் பூ வைப்போம்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஊரில் வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளிநாடு போனார்கள். நான் ஆங்கிலம் படிப்பிக்கிற ரீச்சர், தனி ஆள், ஐயாவை விட்டுவிட்டு எங்கே போவது? கடலுக்கு அப்பால் எனக்கும் இரத்த உறவு உண்டு என்ற நினைப்புத்தான் பிடிமானம். மிஷனின் பழைய பதிவேட்டில் அந்த அமெரிக்கப் பெண்ணின் பெயருக்கு நேரே இருந்த ஊரின் தேவாலயத்துக்கு எழுதினேன். கொழும்பு போகிறவர்களிடம் கொடுத்துவிட்ட கடிதங்களில் பாதி போய்ச் சேரவில்லை. ஆனாலும் விடவில்லை. அவள் தகப்பன் சப்பாத்துத் தைத்தவர், தமையன் மா அரைக்கும் ஆலை வைத்திருந்தவன் என்று ஒவ்வொருவராகப் பிடித்தேன். வந்ததையெல்லாம் ஐயாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

"பாத்தியே, எங்கடை ஆக்கள்" என்பார்.

தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் சண்டை ஓய்ந்திருந்தபோது, அந்தத் தமையனின் வழிவந்த ஒருத்தி நிவாரணக் குழுவொன்றுடன் யாழ்ப்பாணம் வந்தாள். எங்கள் வீட்டுக்கும் வந்தாள். நேரே கல்லறைக்குத்தான் கூட்டிப்போனேன். அவள் கல்லறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். அந்தப் பெண் தன் ஊரைவிட்டு வெளியே போனதே இல்லையாம். கலியாணமும் கட்டவில்லையாம். இங்கே மிஷன் விடுதியில் படித்த ஒரு பிள்ளையின், அதாவது ஐயாவின் பாட்டியின், செலவுக்கு அங்கிருந்தே பணம் அனுப்பி உதவியிருக்கிறாள். உதவுகிறவரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அந்தக் காலத்து மிஷன் வழக்கம். செத்தவீட்டுக்கு வந்தவள் மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அவள் போனபின் ஐயாவிடம் கேட்டேன். முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"ஓம், தெரியும். கலியாணம் பேச வாறவை பாட்டி ஆரின்ரை பிள்ளை எண்டு கேட்டா, விடுதியிலை கொண்டந்து விட்ட பிள்ளை எண்டே சொல்லுறது?"

"அப்ப அந்தக் கல்லறை?"

"ஆரின்ரையோ, ஆருக்குத் தெரியும். உனக்கு ஒண்டைக் காட்டவேணுமெல்லே."

சின்னப் பிள்ளைக்குச் சொன்ன பொய்யை மன்னிக்கலாம். நரைத்த தலையோடு நான் கடிதம் கடிதமாக எழுதியதைப் பார்த்துக்கொண்டிருந்து, வந்த பதில்களுக்குத் தலையும் ஆட்டினாரே, அதை எப்படி மன்னிப்பது? என்னைப் பேய்க்காட்டி ஏமாற்றியது வேறு யாருமில்லை, நான் கூடவே இருந்து பார்த்த என் தகப்பன்.

உயிர்த்த ஞாயிறு விடிந்தது. ஐயா வேட்டி உடுத்து, பூக்கூடையோடு வாசலில் நின்றார்.

"வாறியே பிள்ளை?"

"உங்கடை பாட்டியைப் பெத்தவவின்ரை பேரைச் சொல்லுங்கோ, வாறன்."

ஐயா கூடையைக் கீழே வைத்தார். அமெரிக்காவில் சப்பாத்துத் தைத்தவரின் பெயர் எங்கள் இருவருக்கும் தெரியும். பாட்டியைப் பெற்றவளின் பெயர் அவருக்கும் தெரியாது.