உப்புக்கு அயோடின் தெளித்த மெர்சி அக்கா

மெர்சி அக்கா இறந்துவிட்டார் என்பது எனக்குக் கம்பெனி வேனில்தான் தெரிந்தது. ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலோர இருக்கை அவருடையது. காய்ச்சல் என்று அவர் வராமல் இருந்த ஐந்து நாளும் அதில் யாராவது உட்கார்ந்துதான் வந்தார்கள். அன்று காலை மூன்று பேர் நின்றுகொண்டு வந்தார்கள். அந்த இருக்கை மட்டும் காலியாக இருந்தது. நான் ஏறியதும் பேக்கிங்கில் என் பக்கத்தில் நிற்கும் செல்வி அக்கா, "விடியக்காலம் ஆஸ்பத்திரியில வச்சு மெர்சி போயிட்டாளாம்ளா. டெங்குவாம்" என்றார்.

நாளை முப்பதாம் நாள் பூசை. அது முடிந்ததும் அக்காவைப் பற்றி யாராவது இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எங்கள் பேக்கிங் அறையில் பேசி, என்னைச் சொன்னார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. எழுதித் தருகிறேன், செல்வி அக்கா வாசிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். இதில் என் அம்மாவைப் பற்றியும் வரும். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அக்காவின் வேலை உங்களுக்குத் தெரியும். பெல்ட்டில் உப்பு ஓடும்போது அதன்மேல் அயோடின் கரைசல் சரியாகத் தெளிக்கிறதா என்று பார்த்துக்கொள்வது. அந்த அக்காவுக்கே தைராய்டு வந்தபோது கம்பெனி முழுக்கச் சிரித்ததாம். "ஊருக்கே அயோடின் தெளிக்கிறவளுக்கு அயோடின் பத்தலையோ" என்று கேட்டார்களாம். அக்கா வேறு மாதிரி யோசித்திருக்கிறார். தெளிக்கிற மருந்து மூக்கு வழியாக உள்ளே போய்த்தான் தனக்கு இப்படி ஆகிறது என்று முடிவு கட்டி, பாக்கெட் உப்பை நிறுத்திவிட்டு, கொழுந்தனின் உப்பளத்திலிருந்து கல்லுப்பு வாங்கிச் சமைத்திருக்கிறார். டாக்டர் தந்த மாத்திரையையும் நிறுத்திவிட்டார். நான்கு மாதத்தில் முகம் வீங்கி, முடி கொட்டி, நின்ற இடத்தில் தூங்க ஆரம்பித்துவிட்டார்.

"எம்மக புதுநன்மை வாங்குன அன்னைக்கு மாதா கோயில்ல முழங்கால் போட்டவ அப்படியே தூங்கிட்டேன். எல்லாரும் பக்தின்னு நெனச்சு எழுப்பவே இல்ல. போட்டோவுல பாத்தாத்தான் தெரியும், வாயத் தொறந்து தூங்குதேன்" என்று அக்கா சொன்னபோது, டீ இடைவேளையில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பிறகு டாக்டர் விளக்கினாராம்: உப்பும் காரணமில்லை, தெளிப்பும் காரணமில்லை, உங்கள் உடம்பே உங்கள் கழுத்தில் இருக்கிற சுரப்பியைத் தாக்குகிறது, அது தர வேண்டியதை இனி மாத்திரைதான் தர வேண்டும் என்று.

நான் பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவள். அம்மா பகலெல்லாம் படுத்தே கிடப்பாள். அடுப்பில் வைத்ததை மறந்துவிடுவாள். பேச்சு இழுத்து இழுத்து வரும். வீட்டு வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது, பள்ளிக்கூடம் போயிற்று. பதினெட்டு முடிந்ததும் இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். ஒருநாள் நான் மறந்துபோன சாப்பாட்டைக் கொண்டுவந்து அம்மா கம்பெனி வாசலில் நின்றாள். சித்திரை வெயில். முந்தானையை இழுத்துக் கை இரண்டையும் போர்த்தியிருந்தாள்.

மெர்சி அக்கா என் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டுக் கேட்டார். "ஒங்க அம்மாவுக்கு குளிருதாளா?"

"எப்பவும் அப்படித்தான்க்கா. வேல செய்யாம இருக்கணும், அதான்."

"இந்த வெயில்ல போர்த்திக்கிட்டா வேல கொறையும்?"

அக்கா அம்மாவிடம் போய், தீட்டு ஒழுங்காக வருகிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா, குரல் எப்போதிருந்து இப்படிக் கம்மிப்போயிற்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வாசலில் நிற்கிறோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மா ஒன்றுவிடாமல் பதில் சொன்னாள். அதற்குமுன் அவளிடம் யாரும் இதையெல்லாம் கேட்டதில்லை.

அடுத்த வார விடுமுறையில் அக்காதான் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் என்னிடம் அம்மாவைப் பற்றிக் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. அக்காவைப் பார்த்தேன். "நான் சொல்ல மாட்டேன். அவ கூட இருக்கது நீதான்" என்றார். ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கத்தில் நான் எழுதி நீட்டினேன். டாக்டர் அதைப் பொறுமையாக வாசித்து, ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். அக்காவுக்கு வந்த அதே நோய்தான் அம்மாவுக்கும்.

அப்பா நம்பவில்லை. அவர் வள்ளத்தில் போய்க் கடலில் தங்கி மீன் பிடிப்பவர். கரைக்கு வரும்போதெல்லாம், அம்மாவைப் புன்னைக்காயலில் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா வீட்டுக்கே வந்து அவரிடம் பேசினார்.

"மாத்திரையப் போட்டா எந்திரிச்சுச் சோறு பொங்கிருவாளோ?" என்றார் அப்பா.

"பொங்குவா. ரெண்டு மாசம் ஆவும். அதுவரைக்கும் நீங்க பொங்குங்க அண்ணாச்சி."

"நானா?"

"வள்ளத்துல எட்டு பேருக்குப் பொங்குதீங்க. வீட்ல மூணு பேருக்குக் கை வராதோ?"

அக்கா அவருக்குப் புரிகிற மாதிரி உப்பளத்தை வைத்துச் சொன்னார். "மோட்டார் மெதுவா ஓடினா கடைசிப் பாத்திக்குத் தண்ணி வராது. தண்ணி விடாம, உப்பு வெளையலன்னு பாத்தியப் போட்டு ஏசினா எப்படி?" மறுநாள் அப்பா மீன் குழம்பு வைத்தார். காரம் அதிகம். ஆனாலும் வைத்தார். மாமா வீட்டுப் பேச்சு அதோடு நின்றது.

அக்கா போட்ட சட்டங்கள் கொஞ்சம்தான். எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் மாத்திரை. அரை மணி நேரத்துக்கு டீ கிடையாது. நன்றாகிவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது, சோர்வாக இருக்கிறது என்று நாமாகக் கூட்டவும் கூடாது. டாக்டர் சொன்ன நாளில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். முதல் மாதம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அம்மா அழுதாள். இரண்டாவது மாதத்தில் ஒரு மத்தியானம் விசிறியை எடுத்துக்கொண்டு, "என்னளா இது, இவ்வளவு வெக்கையா இருக்கு" என்றாள். அம்மா வெக்கை என்று சொல்லிக் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. மறுநாள் அக்காவிடம் சொன்னேன். "ஏட்டி, இவ அம்மாவுக்கு வெக்க தெரியுது, தூத்துக்குடிக்காரி ஆயிட்டா" என்று பேக்கிங் அறை முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் வேனில் நான் அக்காவிடம் ஒன்றைச் சொன்னேன். பள்ளிக்கூடம் நின்ற நாளில் அம்மாவைப் பார்த்து, "ஒன் சோம்பேறித்தனத்துலதான் எம்படிப்பு போச்சு" என்று கத்தியிருக்கிறேன். அதைச் சொன்னேன். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது. கேக்க வேண்டிய ஆளு வீட்ல இருக்கு" என்றார். சரியென்று தலையாட்டினேன். ஆனால் ஒரு வருடமாகியும் சொல்லவில்லை.

அக்காவை அடக்கம் செய்த பிறகு சிலர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. வருடக்கணக்கில் போட்ட மாத்திரைதான் உடம்பை அரித்துவிட்டது என்றார்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. காய்ச்சல்தான் காரணம் என்று டாக்டர் சொன்னதை அக்காவின் வீட்டுக்காரரே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து, காலையில் எழுந்ததும் அம்மா டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். மாத்திரை அட்டையைப் பார்த்தேன். அடக்கத்தன்று நான் பார்த்தபோது எத்தனை இருந்தனவோ அத்தனையும் அப்படியே இருந்தன.

"மாத்திர போடலியாம்மா?"

"வேண்டாம்ளா. மெர்சிக்கு என்ன ஆச்சுன்னு பாத்தேல்லா."

"அது டெங்கு."

"ஊரு சொல்லுதே."

மறுபடியும் அம்மா மெதுவாகப் பேசுவதுபோல் எனக்குத் தோன்றியது. அது பயத்தினால் தோன்றியதாகவும் இருக்கலாம். நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன். "ஊரு என்னமும் சொல்லும்மா. நானே ஒன்ன சோம்பேறின்னு சொன்னவதான். எம்படிப்பு ஒன்னாலதான் போச்சுன்னு சொன்னேன். அது பொய்யின்னு எனக்குக் காட்டினதே இந்த மாத்திரதான். நீ இத விட்டுட்டா திரும்பவும் ஒன்ன எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நான் தப்பாச் சொல்லிட்டேம்மா."

அம்மா, "நீ சொன்னப்ப எனக்குக் கோவமே வரல. நானும் அப்படித்தான் நெனச்சேன். எனக்குத்தான் ஒடம்பு வணங்கலன்னு" என்றாள். டம்ளரைத் தள்ளி வைத்தாள். "இன்னைக்கு டீ குடிச்சிட்டேன். நாளைக்கு விடிஞ்சதும் நீயே எடுத்துக் குடு" என்றாள். மறுநாள் எடுத்துக் கொடுத்தேன்.

முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் மெர்சி அக்கா முதலில் அதை நம்பினார். அதற்குப் பிறகுதான் காரணம் தேடினார். என் அம்மாவை, நான் நம்புவதற்கு முன்னால், அம்மாவே தன்னை நம்புவதற்கு முன்னால், வெயிலில் நின்று நம்பியவர் அவர். அந்த நம்பிக்கையைத்தான் அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்திருக்கிறேன்.