குருவிக் குஞ்சுகளுக்கு நெயில் பாலிஷ்

ஏழு வயதில் வகுப்பிலேயே நான்தான் குள்ளம். அதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு வழக்கு ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. இது அம்மா வீட்டு ரத்தம் என்பாள் அப்பாவின் அக்காவான அத்தை; அம்மாவின் ஊரான அணைக்கட்டில் யாராவது நெடுநெடுவென்று வளர்ந்து பார்த்ததுண்டா என்று கேட்பாள். ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை, இந்த ஆம்பூர்த் தண்ணீரில் எதுதான் வளரும் என்பாள் அம்மா. அப்பா சத்தமில்லாமல் ஷூ கம்பெனிக்குக் கிளம்பிவிடுவார். என்னைச் சாப்பிடச் சொல்லி விரட்டுவதில் மட்டும் அம்மாவும் அத்தையும் ஒற்றுமை.

இந்த லட்சணத்தில்தான் அம்மாவின் தங்கை, என் சித்தி, அணைக்கட்டிலிருந்து குருவி ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தாள். கூட்டைவிட்டுப் பறக்கும்போது குருவிக் குஞ்சு கொழுகொழுவென்று இருந்தால் பிழைத்துக்கொள்ளும். நோஞ்சானாக இருந்தால் கஷ்டம். அந்தக் கொழுப்பு பெற்றவர்களிடமிருந்து வருகிறதா, வளர்கிற இடம் தருகிறதா? அதைத்தான் அவள் கண்டுபிடிக்க வேண்டும். அப்பா கொண்டுவந்த ஷூ அட்டைப்பெட்டிகளில் ஓட்டை போட்டு எங்கள் தெருவில் ஐந்து, அவள் ஊரில் ஐந்து தொங்கவிட்டாள். பூனைக்கும் எறும்புக்கும் போக ஊருக்கு ஒரு பெட்டிதான் மிஞ்சியது. இரண்டிலும் நான்கு நான்கு குஞ்சுகள்.

கண் திறக்காத குஞ்சுகளில் இங்கிருந்து இரண்டை, டிபன் டப்பாவில் பஞ்சு வைத்து பஸ்ஸில் அணைக்கட்டுக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்து இரண்டை இங்கே கொண்டுவந்து வைத்தாள். எது எந்த ஊர் என்று தெரிய வேண்டுமே. அதற்காக, வந்த இரண்டின் வலது கால் நகங்களில் மட்டும் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து நான்கையும் எடை போட்டுப் பார்த்தாள். அந்த எடைகள் கையில் இருந்தால்தான் அந்த வருஷம் அவள் படிப்பு முடியும். அம்மாவுக்கும் அத்தைக்கும் அந்தக் கவலையெல்லாம் இல்லை. என் குள்ளத்துக்கான தீர்ப்பு வரப்போகிறது என்று காத்திருந்தார்கள். அணைக்கட்டுக் குஞ்சு ஜாஸ்தியா கம்மியா என்று அவள் வரும்போதெல்லாம் அத்தை கேட்பாள்.

இங்கே எங்கள் தெரு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ரம்ஜானுக்கு முதல் நாள் எதிர்வீட்டு ஆன்ட்டி, எந்த வீட்டுப் பிள்ளை, எந்த சாமி என்றெல்லாம் பார்க்காமல், தெருவிலுள்ள அத்தனை குழந்தைகளையும் உட்காரவைத்து மருதாணி இடுவாள். ஒரு கையை விட்டாலும் பாவம் என்பாள். முந்தின வருஷம் காய்ச்சலில் கிடந்து எனக்கு விட்டுப்போயிற்று. மற்றவர்களின் சிவந்த கைகளைப் பார்த்து நான் அழுத அழுகை தாங்காமல், பண்டிகை முடிந்த மறுநாள் அவளே மருதாணிக் கோனோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அப்படிப்பட்ட தெருவில் வளர்ந்தவள், அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டு எல்லோரும் தூங்கும்போது, ஸ்டூல் போட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இரண்டுக்குச் சிவப்பு நகம், இரண்டுக்கு வெறும் நகம். எனக்கு மனசே ஆறவில்லை. சித்தி பாட்டிலை ஜன்னலில்தான் வைத்திருந்தாள். வலது கால், இடது கால் என்று பேதம் பார்க்காமல் நான்கு குஞ்சுகளுக்கும் பூசி, ஊதி ஊதிக் காயவைத்தேன். தாய்க்குருவி கரண்ட் கம்பியில் உட்கார்ந்து கத்தித் தீர்த்தது. அதற்கும் பூசிவிடலாம் என்றுதான் இருந்தேன், கிட்டே வரவில்லை.

மறுநாள் காலையில் சித்தி பெட்டிக்குள் கைவிட்டு முதல் குஞ்சை எடுத்துப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். நான்கையும் பார்த்து முடித்ததும் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பாராட்டை வாங்கிக்கொள்ள நான் ஓடினேன்.

“யார் பூசனது?”

“நான்தான். ரெண்டுக்கு மட்டும் வச்சிட்டு மத்தத வுட்டுட்டியே சித்தி. அதுங்களுக்கு ஆசையா இருக்காதா?”

எங்கிருந்தோ சித்திக்குச் சிரிப்பு வந்தது. “நல்லாதான் பூசிக்கிறே. ஒரு நகம்கூட வுடல” என்று என் கன்னத்தைத் தட்டினாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

சாப்பிடும்போது, பாலிஷ் மட்டமான சரக்கு, அழிந்து எல்லாம் கலந்துபோயிற்று, இனி எது எந்த ஊர் என்று சொல்ல முடியாது என்று வீட்டாரிடம் சொன்னாள். அம்மாவுக்கும் அத்தைக்கும் சப்பென்று ஆகிவிட்டது. இருந்தாலும் விடவில்லை. இருப்பதிலேயே குண்டான குஞ்சு தன் ஊர்க் குஞ்சுதான் என்று இரண்டு பேரும் அன்று சாயங்காலம் வரை சொந்தம் கொண்டாடினார்கள்.

நான் கை கழுவப் பின்பக்கம் போனபோது சித்தி அவள் புரொபசரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “தப்பு என்னுதுதான் சார். அடையாளம் நான் சரியா வைக்கல. இன்னொரு வருஷம் எடுத்துக்கிட்டு மொதல்லேர்ந்து பண்றேன்” என்றாள். அதற்கப்புறம் வெறும் “சரி சார்” மட்டும், ஏழெட்டுத் தடவை.

எனக்கு ரொம்பப் பாவமாக இருந்தது. இவ்வளவு படித்தவள், அப்படி என்ன தப்புச் செய்துவிட்டாளோ. டீச்சரிடம் திட்டு வாங்கினால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? போனை வைத்ததும் கிட்டே போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “நீ தப்பு பண்ணத நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன் சித்தி” என்று காதோடு சொன்னேன்.

“சொல்லாதே” என்றாள்.

வருஷக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் அவள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.