மேல் பக்கத்து விரிசல்

விரிசல் எங்கே இருந்தாலும் சுருளியாண்டிக் கொத்தனாரின் கண் அங்கே போய் நின்றுவிடும். வற்றிய கண்மாயின் மண், சூளையில் வெந்த பானை, எதுவானாலும் சரி. கல்யாண வீட்டுப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் எதிர்ச் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பார். "வந்து உக்காருங்க, மானம் போகுது" என்று மனைவி சுப்புத்தாய் தலையில் அடித்துக்கொள்வாள். எது இழுத்து இது கிழிந்தது என்று தெரியாமல் அந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது.

1938-இல் சின்னமனூர் ஏலக்காய் வியாபாரி அழகர், ஓட்டுக்கூரை வேண்டாம், கம்பி கட்டிச் சிமெண்டில் மச்சு போடலாம் என்று ஆசைப்பட்டார். மதுரையிலிருந்து ஓவர்சீயர் ஒருவர் வந்து படம் போட்டுக் கொடுத்தார். சுருளியாண்டிக்கு அப்படிப்பட்ட வேலை புதிது. மச்சைத் தாங்கியிருந்த முட்டுக் கம்புகளைப் பிரித்துச் சில வாரம் கழித்து, கூடத்து மச்சின் அடியில், நடுவாக்கில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. உடனே ஓவர்சீயருக்கு ஆள் அனுப்பினார்.

ஓவர்சீயர் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "பயப்படாதீக கொத்தனாரே. சிமெண்டு நெருக்குனா தாங்கும், இழுத்தாத் தாங்காது. கூடத்து மச்சுல பாரம் ஏறுனா அடிப்பக்கம் இழுபடும். அங்கன விரிசல் விடும்னு வச்சுத்தேன் கணக்கே போட்டிருக்கு. இழுக்கிறதக் கம்பி பிடிச்சுக்கிரும்."

விரிசலையும் சேர்த்தா கணக்குப் போடுவார்கள்! சுருளியாண்டிக்கு அதிசயம் தாங்கவில்லை. பார்த்தவரிடமெல்லாம் சொல்லித் தீர்த்தார்.

ஓவர்சீயர் ஊருக்குப் போனபின் அழகருக்கு இன்னொரு ஆசை வந்தது. தெருப்பக்கம் தூணில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பால்கனி. அம்மன் பல்லக்கு வரும்போது தன் பெண்கள் அதில் நின்று பார்க்க வேண்டும். சுருளியாண்டி மச்சின் ஓரத்தைக் கொத்தி, கூடத்துக்குப் போட்டது போலவே கம்பியை அடியில் படுக்கவைத்துச் சிமெண்டைக் கொட்டினார். உத்திரம் கீழே இருந்துதானே தாங்கும் என்பது அவர் பழக்கம்.

பல்லக்கு வரும் அன்று காலையில் பால்கனியைக் கழுவிவிட்டார்கள். மச்சை ஒட்டின மேல் பக்கத்தில் ஒரு கோடு மட்டும் காயாமல் ஈரமாகவே நின்றது.

"ஏன்யா, விரிசலெல்லாம் கணக்குல இருக்குன்னு நீர்தானே ஊரெல்லாம் சொன்னீரு?" என்றார் அழகர்.

சுருளியாண்டி கையை நீட்டி, அதில் ஒரு குடம் தண்ணீரை மாட்டிப் பார்த்தார். தோளில் மேல் பக்கம்தான் இழுத்தது. நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக்கும் அப்படித்தான்; கம்பியோ அடியில் கிடக்கிறது, மேலே அந்த விரிசலுக்குப் பக்கத்தில் கம்பியே இல்லை. வாயை மூடிக்கொண்டால் பெயராவது மிஞ்சும். உள்ளே பெண்கள் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மொதலாளி, கம்பிய நாந்தேன் தப்பான பக்கம் வச்சுட்டேன். பிள்ளைகள அங்கன ஏத்தாதீக. நம்பலைன்னா மொதல்ல மணல் மூட்டைய வச்சுப் பாப்போம்."

"ஊரு சிரிக்கவா?" என்று அழகர் கத்தினார். ஆனாலும் தெருவில் ஆட்களை ஒதுக்கிவிட்டு, மச்சில் நின்றபடி ஒரு மூட்டையை மூங்கிலால் பால்கனி மேல் தள்ளினார்கள். பால்கனி அசையவில்லை. அடுத்த மூட்டைக்கும் அசையவில்லை. தெருவில் கேலி கிளம்பியது. இடிந்தால் தன் வேலை தப்பு, இடியாவிட்டால் தன் பேச்சு தப்பு. எது நல்லது என்று தெரியாமல் சுருளியாண்டி நின்றார்.

இன்னொன்றைத் தள்ளியதும் பால்கனி மடங்கிச் சுவரோடு தொங்கியது. மூட்டைகள் தெருவில் விழுந்து வெடித்தன.

அழகர் தன் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எல்லாரும் அவர் முதுகுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.