அப்பாவின் சுளுக்கு

டிசம்பர் விடுமுறையில் அப்பாவும் லோரி மாமாவும் கேமரன் மலைக்கு நடக்கப் போவது வழக்கம். இருவரும் கிள்ளானில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். மாமா துறைமுகத்தில் லோரி ஓட்டினார். எனக்குப் பத்து வயதான வருடம் என்னையும் அழைத்துப் போனார்கள். உச்சியில் மேகத்தைக் கையால் தொடலாம் என்று மாமா சொல்லியிருந்தார். அதை நம்பி வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை பனிமூட்டத்துக்குள் ஏறினோம். குளிரில் விரல்கள் விறைத்தன. மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. "இந்த மலையெல்லாம் நமக்குச் சும்மாலா" என்று முன்னால் நடந்தார். சற்று நேரத்தில் காலில் போட்டிருந்த சப்பாத்தின் கயிற்றைக் கட்ட உட்கார்ந்தார். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் கட்டினார். மூன்றாம் முறை உதடு வெளுத்திருந்தது. கயிறோ அவிழவே இல்லை. அவிழாத கயிற்றை எதற்குத் திரும்பத் திரும்பக் கட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"திரும்பிடலாமாடா?" என்றார் அப்பா.

"நீ வேணும்னா போ. நான் பாப்பாவ மேல கூட்டிட்டுப் போறேன்."

மாமா எழுந்து இரண்டடி வைத்திருப்பார். அப்பா வலது கணுக்காலைப் பிடித்துக்கொண்டு வேரின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"சுளுக்கிருச்சு. என்னால ஏற முடியாது. கீழ கொண்டுபோய் விடு."

மாமா அப்பாவின் தோளில் கை போட்டார். பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று இருவரும் இறங்கினார்கள். நான் அழுதுகொண்டே பின்னால் வந்தேன்.

கீழே தேநீர்க் கடையில் எங்களை உட்காரவைத்துவிட்டு, அப்பா காரை எடுத்துவர விறுவிறுவென்று போனார். நொண்டவே இல்லை. எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"மாமா, அப்பா பொய் சொல்லிட்டாரு. பாருங்க, கால் நல்லாத்தான் இருக்கு."

மாமா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் அப்படித்தான்லா" என்றார்.

அப்பா வந்ததும் மாமா பையிலிருந்து தைலக் குப்பியை எடுத்தார். "கால நீட்டுடா."

அப்பா தயங்கித் தயங்கி நீட்டினார். இடது காலை.

"அது இல்ல, அந்தக் கால்" என்றேன்.

மாமா காதில் வாங்கிக்கொள்ளவில்லை. தலை குனிந்தபடி அந்த இடது காலையே நிதானமாகத் தேய்த்துவிட்டார். அப்பா ரோட்டைப் பார்த்தபடி கண்களைத் துடைத்துக்கொண்டார். ஒன்றுமே ஆகாத காலுக்கு எதற்கு இவ்வளவு தைலம் என்று எனக்கு விளங்கவில்லை. இருவர் மேலும் கோபமாக, அவித்த சோளத்தைத் தின்றுகொண்டிருந்தேன்.