எஞ்சின் மூடிமேல் வந்த சோறு

மடுல்சீமையிலிருந்து காலையில் புறப்படும் முதல் பஸ்ஸில், டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த எஞ்சின் மூடிதான் எங்கள் அடுப்பு. பதுளையில் சொந்தக்காரர் வீடுகளில் தங்கிப் படித்த தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கான சோற்றுப் பார்சல்கள் அதன்மேல் அடுக்கடுக்காக உட்கார்ந்து வரும். பெயர் எழுதும் வழக்கமில்லை. எந்தத் துணியில் கட்டியது எந்தப் பிள்ளைக்கு என்று கண்டக்டருக்குத் தெரியும். அவர் சிங்களவர். தோட்டத்துத் தமிழை எங்களைவிடச் சத்தமாகப் பேசுவார்; தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் ‘நங்கி’ என்பார். பஸ் நிலையத்தில் அவர் கையிலிருந்து வாங்கும்போது சோறு சூடாக இருக்கும், லேசாக டீசல் வாசமும் அடிக்கும். அந்த வாசத்தைக் குறை சொல்லிக்கொண்டே ஒரு பருக்கை விடாமல் தின்போம்.

மழைக்காலத்துக்கு மட்டும் வேறொரு வழக்கம் இருந்தது. மண் சரிந்து பஸ் வழியில் மாட்டிக்கொண்டால், பார்சல்களைப் பிரித்துப் பயணிகள் எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டுவிட்டு, இலையைச் சுருட்டிப் பள்ளத்தில் எறிந்துவிடுவார்கள். வீணாய்ப் போவதற்கு யார் வயிற்றுக்காவது போகட்டும் என்று எல்லா வீடுகளும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது.

நான் சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்த வருடம், என் அடையாள அட்டை வெகுநாளாக வந்து சேரவே இல்லை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது லேசில் கிடைக்கிற சாமானா என்ன? தோட்டத் துரையின் கையெழுத்துக்கு ஓர் அலைச்சல், பிறப்புப் பதிவுக்கு இன்னோர் அலைச்சல் என்று இழுத்தடித்து, கடைசியில் நான் பதுளையில் இருக்கும்போது எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அட்டை இல்லாமல் பரீட்சை மண்டபத்துக்குள் விடமாட்டார்கள் என்று வகுப்பாசிரியை அடித்துச் சொல்லியிருந்தார். இந்த முறை தவறினால் எனக்குக் கொழுந்துக்கூடைதான் என்பது வீட்டில் யாரும் பேசாமலே தெரிந்த விஷயம்.

அம்மா காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போயாக வேண்டும். அதனால் கடையிலிருந்து, நான் தங்கியிருந்த சித்தி வீட்டுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னார். "நாளைக்கு மொத பஸ்ல வருது. கவர்ல போட்டா தொலஞ்சிரும். சோத்துக்கு அடியில வச்சு அனுப்புறேன்." பிள்ளையின் சோறு அந்தப் பாதையில் தொலைந்ததே இல்லை என்ற நம்பிக்கை அவருக்கு. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது மட்டும் அவர் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் பஸ் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் காலையில் பரீட்சை. பஸ் நிலையத்தில் நேரம் குறிப்பவரிடம் கேட்டேன். "பசறைக்கு மேல மண்ணு சரிஞ்சிருச்சும்மா. இன்னைக்கு வராது" என்றார். எனக்கு அந்த வாழையிலைதான் கண்ணில் நின்றது. இந்நேரம் பிரித்திருப்பார்கள், எறிந்திருப்பார்கள். பஸ் நிலையத் தூணில் சாய்ந்து, பார்க்கிறவர்களைப் பற்றிய வெட்கமே இல்லாமல் அழுதேன். சித்தி தேடி வந்து கூப்பிட்டும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் பசறையிலிருந்து வந்த வேறொரு பஸ்ஸில் கண்டக்டர் இறங்கினார். முழங்கால் வரை சேறு. தன் பஸ்ஸை டிரைவரிடம் விட்டுவிட்டு, சரிந்த மண்ணை நடந்தே கடந்து வந்திருக்கிறார். கையில் ஒரு பார்சல்கூட இல்லை. சட்டைப் பையிலிருந்து பொலித்தீன் சுற்றிய அட்டையை எடுத்து நீட்டினார்.

"நங்கி, ஒன் சோத்த நாங்க சாப்புட்டுட்டோம், கோவிச்சுக்காத. இது மட்டுந்தான் மிஞ்சிச்சு."

பஸ்ஸில் கிளினிக்குக்குப் போகவிருந்த ஓர் அக்கா சோற்றை அள்ளும்போது விரலில் அது தட்டுப்பட்டதாம். அட்டையை வாங்கி அதிலிருந்த என் பெயரை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அப்படியொரு நிம்மதியை அதற்குப் பிறகு என் கலியாணத்தன்றுகூட நான் அனுபவிக்கவில்லை. மறுநாள் மண்டபத்து வாசலில் அட்டையை வாங்கிப் பார்த்தவர் மூக்கைச் சுளித்தார். கருவாட்டுக் குழம்பு கொஞ்சம் உள்ளே இறங்கியிருந்தது. ஆனாலும் விட்டார்.

இப்போது பதுளையில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அம்மா என்னோடுதான் இருக்கிறார். பாதை மூடினால் உடனே ஃபோனில் செய்தி வந்துவிடுகிறது. பஸ்ஸில் யாரும் சோறு அனுப்புவதும் இல்லை. போன வாரம் மழை பெய்த ஒரு மாலையில் அம்மாவைச் சீண்டினேன். "சோத்துக்குள்ள போயி யாராச்சும் ஐடென்டிகாட்ட வப்பாங்களா?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "கவர்ல வச்சிருந்தா பஸ்ஸோட அங்கயே கெடந்திருக்கும். சோறுங்கவுந்தான் தொறந்தாங்க."