வளையமில்லாத வருஷம்

கோயிலில் சனீஸ்வரனுக்கு நேரே நின்று கும்பிடக் கூடாது, சற்று ஒதுங்கிப் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும் என்று இரத்தினவேல் சின்ன வயதிலேயே பழகியிருந்தான். ரொறன்ரோவுக்கு வந்து ஆறு வருஷமாகியும் அந்தப் பழக்கம் அவனை விடவில்லை. 1995ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தின் முதற் சனிக்கிழமையும் இரண்டு பஸ் மாறிக் கோயிலுக்குப் போனான். கறுப்புத் துணியில் எள்ளுப் பொட்டலம் கட்டி நல்லெண்ணெயில் எரித்தான். ஒதுங்கி நின்று, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, ஒரே ஒரு வரம் கேட்டான். யாழ்ப்பாணத்தில் இருக்கிற மனுசி தவமணி தன்னிடம் வந்து சேர வேண்டும்.

அவனுக்கு நாற்பத்தொரு வயது. ஒரு ஹோட்டல் சமையலறையில் பகல் முழுக்கக் கோப்பை கழுவினான். சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாம் மாடியில் ஒரு சின்ன அப்பார்ட்மென்ட். அதே சமையலறையில் மரக்கறி வெட்டுகிற குருநகர்க்காரன் சீமோன் பாதி வாடகை கொடுத்து அவனோடு இருந்தான். கலியாணம் முடித்து இரத்தினவேல் இரண்டு வருஷம் தவமணியோடு இருந்தான். அதற்குப் பிறகு ஆறு வருஷம் அவளுடைய கடிதங்களோடு இருந்தான்.

உண்மையில் அந்த வருஷத் தொடக்கத்திலேயே அவள் வந்திருக்கலாம். தை மாதம் பேச்சுவார்த்தை நடந்து வெடிச்சத்தம் ஓய்ந்திருந்த நேரம், ஸ்பொன்சர் அலுவல் சரிவந்து கொழும்புக்கு மெடிக்கலுக்கு வரச்சொல்லி அவளுக்குக் கடிதமும் போயிருந்தது. பக்கத்து வீட்டு யோகராணி அக்காவைக் கனடாவில் இருக்கிற மகன் கூப்பிட்டிருந்தான். அவ மாசியில் கிளாலிக் கடலைத் தாண்டிக் கொழும்புக்குப் போக ஆயத்தமாயிருந்தா. 'அக்காவோடை வெளிக்கிடட்டோ?' என்று தவமணி எழுதிக் கேட்டாள். ஓம் என்று ஒரு சொல் எழுதிப் போட்டிருந்தால் காரியம் முடிந்தது.

இரத்தினவேல் அதைச் செய்யவில்லை. தவமணியின் சாதகக் குறிப்பை எடுத்துக்கொண்டு ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற்றில் இருந்த சாத்திரியாரிடம் போனான்.

"பிள்ளை கும்பராசி. ஜென்மச்சனி நடக்குது" என்றார் சாத்திரியார். "தண்ணியில கண்டம் காட்டுது. ஆனியில சனி மீனத்துக்கு மாறும். அதுவரைக்கும் ஆளை அசைக்காதையும்."

சீமோனுக்கு அதைக் கேட்டதும் கோபம் ஏறிவிட்டது. "கிளாலி என்ன பசிபிக் சமுத்திரமோடா? நாங்கள் கடலுக்கை பிறந்தனாங்கள், நான் சொல்லுறன். சண்டை நிக்கேக்கை கூப்பிடு. பிறகு குத்துதே குடையுதே எண்டு என்னட்டை வராதை."

இரத்தினவேல் கேட்கவில்லை. 'சனி மாறுமட்டும் பொறு' என்று கடிதம் போட்டான். சித்திரையில் சண்டை மறுபடி தொடங்கியது. ஆனியில் சனி சொன்னபடி மாறியது, ஆனால் மாறியபோது போவதற்குப் பாதை இருக்கவில்லை. ஆவணியில் அந்தச் சனியும் வக்கிரமாகித் திரும்பக் கும்பத்துக்கே வந்து சேர்ந்தது. மாசி வரும்வரைக்கும் பொறுக்கச் சொன்னார் சாத்திரியார். அவருக்கென்ன, அவருடைய மனுசி மேல்மாடியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தா.

எள் எரித்துவிட்டுத் திரும்பி வந்த அந்தச் சனிக்கிழமைதான், பார்லிமென்ற் வீதிக்குப் பின்னாலுள்ள ஒரு வீட்டு முற்றத்தில் பழைய சாமான்களைப் பரப்பி வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். பனிச்சப்பாத்து, பாண் வாட்டும் மெஷின், கால் உடைந்த கதிரை. அவற்றுக்கு நடுவே நீளமான மட்டைப்பெட்டி ஒன்று. அதன் மேல் வளையத்தோடு கூடிய சனியின் படம் பெரிதாகப் போட்டிருந்தது. உள்ளே ஒரு வெள்ளைத் தொலைநோக்கி. இரத்தினவேல் அந்தப் படத்தை நின்று பார்த்தான். அவனுக்குள்ளே திடீரென்று ஒரு கோபம் மூண்டது. இத்தனை வருஷம் ஒதுங்கி நின்று கும்பிட்டு என்ன கண்டோம், ஒரு தரம் முகத்துக்கு முகம் பார்த்தால் என்ன? இருபது டொலரைக் கொடுத்துப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான்.

"பக்கத்துக் கட்டடத்தைப் பாக்கப்போறியோ?" என்று கேட்டான் சீமோன். "பொலிசு வந்தால் எனக்கு உன்னைத் தெரியாது."

மலிவுச் சாமான் மலிவுச் சாமான்தான். அதைத் தாங்குகிற மூன்று காலில் ஒன்றின் ஆணியைக் காணவில்லை. சப்பாத்து நூலால் கட்டினான். நானூறு மடங்கு பெருப்பிக்கும் என்று பெட்டியில் போட்டிருந்த கண்ணாடியைப் பூட்டினால் புகையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மூன்று கண்ணாடிகளில் வலு குறைந்தது எதுவோ அதுதான் வேலைக்காகும் என்று கண்டுபிடிக்க மூன்று நாள் பிடித்தது. குழாயின் மேலே குறிபார்ப்பதற்கு இன்னொரு சின்னக் குழாய் இருந்தது. அது ஒரு பக்கம் பார்க்க, பெரியது வேறொரு பக்கம் பார்த்தது. சீஎன் கோபுரத்தின் உச்சியில் எரிகிற சிவப்பு லைற்றை வைத்து இரண்டையும் நேராக்கினான். உள்ளே கோபுரம் வௌவாலைப்போலத் தலைகீழாகத் தொங்கியது. கதவைத் திறந்து வைத்தால் வீட்டுச் சூடு வெளியே வந்து படம் நீருக்குள்போல நெளிந்தது. அதனால் பால்கனிக் கதவை இறுக்கச் சாத்திவிட்டுக் குளிரில் நின்றான்.

ஒரு கிழமைக்குப் பிறகு அரைச்சந்திரனைப் பிடித்தான். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டில் பள்ளங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மூச்சை விட்டால் ஆடுமென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். அந்த ஆறு வருஷத்தில் அவன் தன்னை மறந்து நின்ற முதல் மாலை அதுதான்.

ஆனால் சனியைக் காணவில்லை. ரொறன்ரோ வானத்தில் நட்சத்திரமே பத்துப் பன்னிரண்டுதான் தெரியும், அதில் சனி எது? இங்கேதான் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. கோயிலில் கொடுத்த பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினான். சனி பூரட்டாதி நட்சத்திரத்தில் நிற்கிறது. சந்திரன் ஒவ்வொரு நாளும் ஒரு நட்சத்திரமாகத் தாண்டி வருகிறது. அப்படியென்றால் பூரட்டாதி நாளில் சந்திரனுக்குப் பக்கத்தில் எது மினுங்காமல் நிற்கிறதோ அதுதான் ஆள். ஐப்பசி பிறக்க இன்னும் பத்து நாளிருந்த ஒரு வெள்ளிக்கிழமை அந்த நாள் வந்தது. நாள் பார்க்கவும் பயப்படவும் மட்டும் அவன் விரித்த புத்தகம் வானத்தில் வழி காட்டியது.

வேலையால் வந்து, இருட்டியதும் பால்கனிக்குப் போனான். முக்கால்வாசிக்கு மேல் வளர்ந்த சந்திரன், பக்கத்தில் மங்கிய மஞ்சளாக ஒரு புள்ளி. நேரே பார்க்கிறேன், குறை நினைக்காதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு குனிந்தான்.

மஞ்சளாகச் சின்னதொரு உருண்டை. மிளகளவுகூட இல்லை. வளையம் இருக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தான், மாற்றிப் பூட்டினான், முறுக்கிப் பார்த்தான். வளையம் இல்லவே இல்லை.

"சீமோன், இங்கை வா. உதிலை வளையம் தெரியுதோ பார்."

சீமோன் சாப்பாட்டுக் கையோடு வந்து குனிந்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். வழக்கம்போலச் சிரிப்பானென்று இரத்தினவேல் எதிர்பார்த்தான், அவன் சிரிக்கவில்லை.

"உவருக்குப் பயந்தோடா அந்தப் பிள்ளையை மறிச்சனீ?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனான்.

அடுத்த நாள் இரத்தினவேல் நூலகத்துக்குப் போனான். சின்னப் பிள்ளைகளின் பகுதியில் கிரகங்களைப் பற்றிய புத்தகம் ஒன்று கிடைத்தது. தன் ஆங்கிலத்துக்கு அதுவே போதுமென்று குட்டிக் கதிரையில் உட்கார்ந்து வாசித்தான். தொலைநோக்கியில் பிழையில்லை. பதினாலு பதினைந்து வருஷத்துக்கு ஒரு தரம் சனியின் வளையம் தன் விளிம்பைப் பூமிக்குக் காட்டும். கடதாசியின் ஓரத்தைப் பார்ப்பதுபோல, அப்போது அது கண்ணுக்குத் தெரியாது. 1966, 1980, 1995 என்று வருஷங்களையும் போட்டிருந்தது. அடுத்த பக்கத்தில், சனி பின்னுக்குப் போவதுபோல ஏன் தெரிகிறது என்று படம் கீறிக் காட்டியிருந்தார்கள். வேகமாகப் போகிற சப்வே மெதுவாகப் போகிற சப்வேயைத் தாண்டும்போது அது பின்னுக்குப் போவதுபோலத் தெரியுமே, அவ்வளவுதான். அது எங்கும் திரும்பிப் போகவில்லை. கும்பத்துக்கு யாரும் திரும்பி வரவில்லை.

அன்றிரவே தவமணிக்கு எழுதத் தொடங்கி, கிழித்து, ஞாயிற்றுக்கிழமை முடித்தான். 'சனியும் வேண்டாம், மாசியும் வேண்டாம். எந்தப் பாதை திறக்குதோ அதாலை வெளிக்கிடு. பிழை என்னிலைதான். மன்னிச்சுக்கொள்.' திங்கட்கிழமை நன்றி நவிலல் நாள் லீவு, தபாற்கந்தோர் பூட்டு. செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகிற வழியில் போட்டான்.

ஐப்பசி நடுவில், ஆமி நெருங்கி வர, யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் மழைக்குள் வெளிக்கிட்டு நடந்தது. வானொலியில் கேட்டபோது இரத்தினவேல் கழுவிய கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். அவனுடைய கடிதம் அப்போது எந்தக் கப்பலில் எந்தச் சாக்கில் கிடந்ததோ தெரியாது. தவமணி சனத்தோடு சனமாகக் கொடிகாமத்துக்கும், அங்கிருந்து கிளிநொச்சிப் பக்கத்துக்கும் போயிருக்கிறாள். மார்கழியில் மலேரியாக் காய்ச்சல் வந்தது. மருந்து கிடைக்கவில்லை. தை நடுவில் அவளுடைய தமையன் வவுனியாவிலிருந்து போன் எடுத்துச் சொன்னபோது அவளை எரித்துப் பதினெட்டு நாளாகியிருந்தது.

சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்தும் மிசிசாகாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சோறு கறி கொண்டுவந்தார்கள். "ஜென்மச்சனி, தம்பி. அது விடாது. நாங்கள் என்ன செய்யிறது" என்றார்கள். இரத்தினவேல் தலையாட்டினான். பாதை பூட்டுப்பட்டதால்தான் அவள் வரவில்லை என்று அவனே நாலு பேருக்குச் சொன்னான். சீமோன் அதைக் கேட்டுக்கொண்டு தேத்தண்ணீர் ஊற்றினானே தவிர வாய் திறக்கவில்லை. அந்தப் பொய்யைவிடச் சீமோனின் அந்த இரக்கந்தான் இரத்தினவேலுக்குத் தாங்க முடியாமலிருந்தது. அவன் போட்ட கடிதம் வைகாசியில் உடைக்கப்படாமல் திரும்பி வந்தது. அதைத் தொலைநோக்கிப் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

அடுத்த புரட்டாதியும் வந்தது. அவன் எள் எரிக்கப் போகவில்லை. ஏனென்று தெரியாமலே பெட்டியைத் திறந்து, காலைச் சப்பாத்து நூலால் கட்டிப் பால்கனியில் நிறுத்தினான். இப்போது உருண்டைக்கு நடுவே ஊசியால் குத்தினதுபோல ஒரு மெல்லிய கோடு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. வளையம் திரும்பியிருந்தது. நல்ல செய்திதான், ஆனால் அதைச் சொல்ல அவனுக்கு ஆளில்லை.

அந்த ஐப்பசியில் யோகராணி அக்கா அவனைத் தேடி வந்தா. கொழும்பில் ஒன்றரை வருஷம் காத்திருந்து, இப்போது மிசிசாகாவில் மகன் வீட்டில் இருக்கிறா. மகன் வாசலில் இறக்கிவிட்டுப் போனான். சோபாவின் நுனியில் உட்கார்ந்தா.

"சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது, தம்பி. நாங்கள் வெளிக்கிடுறதுக்கு முதல்நாள்தான் உங்கடை கடிதம் வந்தது. அவள் பாக் எல்லாம் கட்டிப்போட்டாள். கடிதத்தை நிண்டநிலையிலை வாசிச்சாள். பிறகு பாக்கை அவிட்டு, சீலையளை ஒவ்வொண்டா எடுத்துத் திரும்பக் கொடியிலை போட்டாள். நான், 'விசரி, வாடி' எண்டு கையைப் பிடிச்சு இழுத்தன். 'அவர் சொன்னால் யோசிச்சுத்தான் சொல்லியிருப்பார் அக்கா' எண்டாள்."

அவ அழுதா. இரத்தினவேலுக்குக் கண்ணீர் வரவில்லை. எழுந்து பால்கனிக் கதவைத் திறந்தான்.

"அக்கா, இதிலை ஒருக்காப் பாருங்கோ."

"என்ன தம்பி, சந்திரனோ?"

"சனி."

அவ இரண்டடி பின்னுக்குப் போனா. "ஐயோ, வேண்டாமப்பா. சனியை நேரை நிண்டு பாக்கிறதோ? தவமணியைக் கொண்டுபோனது காணாதோ?"

"அது கொண்டுபோகேல்லை, அக்கா" என்றான். "அது தன்ரை பாட்டிலை சுத்திக்கொண்டு போகுது. அதுக்கு எங்களைத் தெரியாது. தவத்தை மறிச்சது நான். சீமோன் சொல்லச் சொல்ல மறிச்சது நான்."

உள்ளே கோப்பை கழுவிக்கொண்டிருந்த சீமோன் தண்ணீரை நிறுத்தினான். யோகராணி அக்கா இரத்தினவேலின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லக் குனிந்தா.

"சின்னனாத்தான் கிடக்கு" என்றா. "நடுவாலை கோடு மாதிரி ஒண்டு தெரியுது."

"ஓம். போன வருஷம் அது தெரியேல்லை."

அவ விலகியதும் அவன் கண்ணை வைத்தான். அதற்குள் சனி கண்ணாடியின் ஓரத்துக்கு வந்துவிட்டது. பூமி சுற்றுவதால் அது எப்போதும் அப்படித்தான் நழுவும். குமிழைத் திருகி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அன்றைக்கு அவன் திருகவில்லை. அது விளிம்பைத் தொட்டுப் பாதியாகி, மறைந்து, வட்டம் வெறும் கறுப்பானது. யோகராணி அக்கா உள்ளே போய்விட்டா. இரத்தினவேல் குனிந்தபடியே நின்றான்.